கூண்டு வைக்கப் போகிற மருமகனுக்கு

மருமகனே, அருப்புக்கோட்டையில் கடை பிடித்து அட்வான்ஸும் கொடுத்துவிட்டாய், பறவைக் கடை போடப்போகிறாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். கூடவே இன்னொன்றும் சொன்னாள். மதுரை வியாபாரி ஒருவர் வந்து, "லவ் பேர்ட்ஸ் எவன் வேண்டுமானாலும் தருவான். உங்க ஊர்ப் பக்கம் சில்லை, கிளிக்குஞ்சு, கவுதாரி எல்லாம் கிடைக்குமே, அதைக் கொடுங்க, நல்ல விலை" என்றாராம். "கொஞ்சமாகப் பிடித்தால் என்ன குறைந்துவிடும்? தாத்தா பிடிக்கவில்லையா? மாமாவைக் கேட்டுச் சொல்" என்றாயாம் நீ. கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு வரியில் பதில் சொன்னால் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுவாய். அதனால் நம்பர் போட்டு எழுதுகிறேன். கல்லாப்பெட்டிக்குள் மடித்து வைத்துக்கொள்.

1. வாங்குவதற்கு முன்னால் பார்க்கப் பழகு. கூண்டு, தீவனம், தட்டு எல்லாம் அப்புறம். விடிகாலையில் எழுந்து திருச்சுழி ரோட்டில் ஏதாவது ஒரு தோட்டத்துக் கிணற்றடிக்குப் போய் உட்கார். கிணற்றுக்குள் சாய்ந்திருக்கிற கருவேல மரத்தில் தூக்கணாங்குருவிக் கூடு தொங்கும். போன மழைக்குக் கட்டி, குஞ்சுகள் பறந்து, காய்ந்து பழுத்துப்போன கூடு. வெறும் கூடுதானே என்று எழுந்துவிடாதே. சத்தம் காட்டாமல் இருந்தால், வெள்ளைத் தொண்டையும் தடித்த சாம்பல் அலகுமாக ஒரு சில்லை கூட்டு வாயிலிருந்து தலையை நீட்டும். இடமும் வலமும் பார்க்கும். கூர்வாலை ஒரு சிமிட்டுச் சிமிட்டிவிட்டு வெளியே வரும். அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் இன்னொன்று. தூக்கணாங்குருவி கட்டிப் போட்ட வீட்டில் வாடகை இல்லாமல் குடியிருக்கிற ஜாதி அது. ராத்திரிக்குக் கூட்டமாக அதில்தான் அடையும், முட்டையும் அங்கேயே வைக்கும். காய்ந்த கூட்டைப் பிய்த்துக்கொண்டுபோய் வரவேற்பறையில் தொங்கவிடுகிறவனுக்கு, தான் யாரைத் தெருவில் நிறுத்தினோம் என்று தெரியாது.

அங்கிருந்து மானாவாரித் தரிசுக்கு நட. ஆண் வானம்பாடி செங்குத்தாக ஏறும், சிறகை மடக்கிக் கீழே பாயும், தரையைத் தொடுவதற்குள் மறுபடி ஏறும். பாயும்போது நீளமாக ஒரு விசில். அதன் கூடு உன் காலடியில் இருக்கும். மாட்டுக் குளம்பு பதிந்த பள்ளம், ஒரு மண்கட்டியின் நிழல், ஓரத்தில் பொடிக் கற்கள், அவ்வளவுதான் கூடு. ராத்திரியில் படிக்க மா. கிருஷ்ணன் இருக்கிறார். 1912இல் பிறந்து 1996 வரை வாழ்ந்த மனிதர். அவருடைய தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று தொகுத்திருக்கிறார். பறவையைப் பற்றித் தமிழில் எப்படிப் பேச வேண்டும் என்பதற்கு அதற்கு மேல் பாடப்புத்தகம் கிடையாது.

2. தாத்தா பெயரைச் சொல்வதற்கு முன்னால் தாத்தா எப்படிப் பிடித்தார் என்று தெரிந்துகொள். அவர் கவுதாரி பிடித்தது நிஜம். மூங்கில் கூண்டில் பழக்கிய கவுதாரி ஒன்று இருக்கும், அதற்குப் பார்வைக் கவுதாரி என்று பெயர். கூண்டின் மேல் துணியைச் சுற்றி இருட்டோடு எடுத்துப்போவார். உடைமரத்து அடியில் கூண்டை வைத்து, சுற்றிலும் முளைக்குச்சி அடித்து, குச்சிக்குக் குச்சி குதிரைவால் மயிரில் சுருக்குக் கண்ணி கட்டுவார். துணியை எடுத்ததும் உள்ளே இருப்பது கூப்பிடும். நாலாவது ஐந்தாவது கூப்பாட்டுக்குள் புதரிலிருந்து பதில் வரும். தன் எல்லைக்குள் இன்னொரு ஆணா என்று சிறகைத் தாழ்த்திக்கொண்டு சண்டைக்கு ஓடிவரும். கால் சுருக்கில் விழுந்ததும் ஓடிப்போய் உள்ளங்கையால் அதன் கண்ணை மூடுவார். இருட்டானதும் படபடப்பு அடங்கிவிடும். வேலை முடிந்து திரும்பும்போது பார்வைக் கவுதாரியைத் திறந்துவிடுவார். கண்மாய்க் கரை நெடுக அது அவர் பின்னாலேயே நடந்து வரும்.

அவருக்கு ஒரு வரைமுறை இருந்தது. முட்டைப் பருவத்தில் கண்ணி கட்டமாட்டார். பெட்டை விழுந்தால் விட்டுவிடுவார். ஒரே கரையில் அடுத்தடுத்துக் கண்ணி வைக்கமாட்டார். இதையெல்லாம் சொல்லி அவருக்குக் கருணை பொங்கியது என்று நான் கதை கட்டமாட்டேன். கேட்கிற ஆள் பரளச்சியிலும் மண்டபசாலையிலும் இருந்தார். கூழுக்குத் தொட்டுக்கொள்ள ஒன்று, வளர்க்க ஆசைப்பட்டவருக்கு ஒன்று, அதற்கு மேல் வாங்க ஆள் இல்லை. அடுத்த வருஷமும் அதே கரையில்தான் அவர் நடக்க வேண்டும். கரை ஊமையாகிப்போனால் முதலில் தெரிவது அவருக்குத்தான். வரைமுறையை உண்டாக்கியது அந்தக் கரை.

3. 'அளவாகப் பிடித்தால் தீராது' என்று சொல்கிறவனிடம், அளவு யார் கையில் என்று கேள். வாங்குகிறவன் உள்ளூரில் இருந்தவரை அளவு பிடிக்கிறவன் கையில் இருந்தது. பஸ் ஏற்றி மதுரைக்கும் மெட்ராஸ் மூர் மார்க்கெட்டுக்கும் அனுப்ப ஆரம்பித்ததும் அளவு விலைக்காரன் கைக்குப் போய்விட்டது. அங்கே இருக்கிறவனுக்கு உன் கண்மாய்க் கரை ஊமையானால் என்ன, அடுத்த ஜில்லாவில் வாங்கிக்கொள்வான். ஒரு காலத்தில் காட்டுப் பறவையை உயிரோடு பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்பிய நாடுகளில் நம் நாடு முன்வரிசையில் நின்றது. இந்தியாவில் இருக்கிற சுமார் 1,300 வகைப் பறவைகளில் ஏறத்தாழ 450 வகை சந்தைக்கு வந்திருக்கிறது என்று டிராஃபிக் என்னும் வனவிலங்கு வணிகக் கண்காணிப்பு அமைப்பு சொல்கிறது. மூன்றில் ஒரு பங்கு! அழுக்குப் பழுப்பில் இருக்கிற சில்லைக்குப் பச்சையும் சிவப்பும் சாயம் அடித்து விற்றவர்களும் உண்டு. வாங்கிப்போனவன் வீட்டில் முதல் குளிப்பிலேயே சாயம் வெளுத்துவிடும்.

'குஞ்சுகளில் பெரும்பாலானவை முதல் வருஷத்திலேயே எப்படியும் சாகத்தானே போகின்றன, அதில் கொஞ்சத்தை நாம் எடுத்தால் என்ன' என்று படித்தவர்களே பேசுவார்கள். முதல் பாதி உண்மை. சின்னப் பறவைகளின் வாழ்வு அப்படித்தான். ஆனால் வலைக்காரன் சாகப்போகிற குஞ்சாகப் பார்த்துப் பிடிப்பதில்லை. சித்திரையில் கண்மாய் வற்றி, கடைசிக் குட்டையில் முழங்கால் அளவு தண்ணீர் கிடக்கும்போது அவன் வலை விரிக்கிறான். அந்தத் தண்ணீருக்கு வந்து நிற்பவை பசியையும் வல்லூறையும் பாம்பையும் தப்பி வந்தவை. அடுத்த மழைக்கு முட்டை வைக்க வேண்டியவை அவைதான். பாடுகிற பறவை என்றால் இன்னும் மோசம். விலை ஆணுக்கு மட்டும்தான். பெட்டைகள் மிஞ்சும், எண்ணிப் பார்த்தால் கூட்டம் குறையாத மாதிரியே இருக்கும், ஜோடி மட்டும் இருக்காது.

கிளிக்குஞ்சு கதை வேறு. மொட்டைப் பனையின் பொந்தில் கிளி முட்டை வைக்கும். பொந்து ஆழம், கை எட்டாது. குஞ்சுக்காக ஏறுகிறவன் அரிவாளால் பக்கத்தை வெட்டிப் பெரிதாக்கிக் கையை விடுகிறான். அந்த வருஷத்துக் குஞ்சுகள் போவதோடு கணக்கு முடியவில்லை. மழை இறங்கும், காகம் நுழையும், அந்தப் பொந்தில் அப்புறம் எந்தக் கிளியும் அடையாது. குஞ்சை எடுத்தவன் வீட்டையும் இடித்துவிட்டுத்தான் இறங்குகிறான். நம் பொட்டலில் எத்தனை மொட்டைப் பனை நிற்கிறது? செங்கல் சூளைக்குப் போனது போக மிச்சத்தை எண்ணிப் பார்.

கடலில் அளவு என்கிற பேச்சுக்குக் கொஞ்சமாவது அர்த்தம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகு போகாது, கரைக்கு வந்த மீனை எடை போட்டு எழுத ஆள் இருக்கிறது. சில்லைக்கு எந்தத் தராசு? எத்தனை இருக்கிறது, எத்தனை குஞ்சு தேறியது, உன்னைத் தவிர எத்தனை பேர் வலையோடு அலைகிறார்கள், இந்த மூன்றும் தெரியாமல் 'அளவாக' என்று சொல்வது கண்ணைக் கட்டிக்கொண்டு கண்மாய் ஆழத்தைச் சொல்வது.

'இவ்வளவு இருக்கே, எங்கே தீரப்போகிறது' என்பார்கள். மஞ்சள் நெஞ்சுள்ள தானியக்குருவி ஒன்று பின்லாந்திலிருந்து ஜப்பான் வரை கூட்டம் கூட்டமாக இருந்தது. சீனா வழியாக வலசை போகும்போது சாப்பாட்டுக்காக அதை வலை வீசிப் பிடித்தார்கள். 1980க்கும் 2013க்கும் நடுவில் பத்தில் எட்டுக்கு மேல் காலி. 2017இல் அழிவின் விளிம்பில் என்று பட்டியலில் ஏற்றினார்கள். ஜாவா தீவில் பாட்டுப் பறவை வளர்ப்பது பரம்பரைக் கௌரவம், பெரிய பெரிய போட்டிகள் நடக்கும். அந்த ஒரு தீவின் வீடுகளில் மட்டும் 6.6 கோடியிலிருந்து 8.4 கோடிக் கூண்டுப் பறவைகள் இருக்கலாம் என்று 2020இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ஊருக்குள் எல்லாத் திண்ணையிலும் பாட்டு, காட்டுக்குள் போனால் நிசப்தம். நம் மேற்கு மலையில் சோலைபாடி என்று ஒரு குருவி இருக்கிறதே, அதே வகை அங்கே அப்படித்தான் அருகிப்போனது.

4. சட்டத்தைப் பயந்து படிக்காதே, தெரிந்துகொள்ளப் படி. 1972இல் வந்தது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். 1990-91இலிருந்து நம் நாட்டுக் காட்டுப் பறவை எதையும் பிடிக்கவும் விற்கவும் கூடாது. வேட்டை என்றால் துப்பாக்கி மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கண்ணி வைப்பதும், வலை விரிப்பதும், முட்டையைத் தொந்தரவு செய்வதும், கூட்டைக் கலைப்பதும் அந்தச் சட்டத்தில் வேட்டைதான். 2022இல் திருத்தினார்கள், 2023 ஏப்ரல் முதல் அமல். மூன்று ஆண்டு வரை ஜெயில், அபராதம் ஒரு லட்சம் வரை. வீட்டுத் திண்ணையில் காலங்காலமாகத் தொங்குகிற பச்சைக்கிளிக் கூண்டும் இதில் சேர்த்திதான். 2024 தேர்தல் சமயத்தில் கடலூர்ப் பக்கம் ஒரு வேட்பாளருக்கு வெற்றிச் சீட்டு எடுத்துக் கொடுத்த கிளி ஜோசியர் ஒருவர் வனத்துறையிடம் மாட்டியதைப் படித்திருப்பாய். கிளிக்கு அவர் ஜாதகம் தெரிந்திருக்கவில்லை.

வெளிநாட்டுப் பறவைக்கும் கணக்கு உண்டு. சாம்பல் கிளி, மக்காவ் மாதிரி பன்னாட்டு ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறவற்றை வைத்திருந்தால் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். லவ் பேர்ட்ஸ் என்று நாம் சொல்கிற ஆஸ்திரேலியக் குட்டிக்கிளிக்கும் காக்டெயில் கிளிக்கும் அது வேண்டாம். மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை. ரசீதை மட்டும் தொலைக்காதே.

5. கண்ணி கட்டத் தெரிந்தவனை மட்டமாகப் பேசாதே. உன் கடைக்கு நரிக்குறவர் வீட்டுப் பெரியவர் யாராவது வந்து நின்றால் நாற்காலி போடு. குருவிக்காரர் என்று பேர் வைத்து அந்தத் தொழிலையே அவர்களுக்கு அடையாளமாக்கியது ஊர்தான். பிடித்ததை வாங்கித் தின்றதும், கூண்டில் வைத்து அழகு பார்த்ததும் ஊர்தான். சட்டம் வந்தபோது கண்ணி கையிலிருந்து போனது, பதிலுக்கு என்ன கொடுத்தோம்? பாசிமணி, ஊசி, பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரம். பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேர்க்க 2023 ஜனவரி வரை ஆயிற்று. தடை சரி என்று நான் முழு மனசோடு சொல்கிறேன். அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது பாதி உண்மை. கவுதாரி கூப்பிடும் தொனியை வைத்து ஆணா, ஜோடியா, பயமா, சண்டையா என்று சொல்லிவிடுகிற காது அவர்களுடையது. புத்தகத்தில் கிடைக்காத பாடம். மரியாதையாகக் கேட்டால் சொல்லித் தருவார்கள்.

6. கூண்டில் பிறந்ததையே கூண்டில் வை. மதுரை வியாபாரி மட்டமாகப் பேசிய அந்த லவ் பேர்ட்ஸில் ஆரம்பி. ஆஸ்திரேலியா தன் காட்டுப் பறவையை வெளியே விட்டு அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்று உலகம் முழுக்கக் கூண்டில் இருக்கிற இந்தக் கோடிக்கணக்கான குட்டிக்கிளிகள் தலைமுறை தலைமுறையாக மனிதன் கையில் பொரித்தவை. நம் வெயிலையும் தினையையும் ஏற்றுக்கொண்டவை. மண் கலயத்தில் ஒன்றுவிட்டு ஒருநாள் முட்டை வைக்கும், ஒரு அடைக்கு நாலு முதல் ஆறு, பதினெட்டு நாளில் பொரிக்கும். கணவாய் ஓட்டைக் கூண்டில் செருகி வை, முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பு அதில் இருக்கிறது. இரண்டு அடை எடுத்ததும் கலயத்தைக் கழற்றிவிடு. கலயம் தொங்குகிறவரை பெட்டை முட்டை வைத்துக்கொண்டே இருக்கும், இளைத்து, ஒருநாள் முட்டை அடைத்துச் செத்துக் கிடக்கும். போதும் என்று சொல்ல அதற்குத் தெரியாது. அதை நீ சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் பேராசை முதலில் தின்பது பெட்டைகளைத்தான்.

இதில் பெரிதாக வளரவும் வழி இருக்கிறது. தாய்லாந்தின் தெற்கே சானா என்கிற ஊரில் வரிக்குதிரை மாதிரி கோடு போட்ட ஒரு சின்னப் புறாவைக் கூண்டிலேயே வளர்த்து, குரல் போட்டிக்கு விற்று ஊரே பிழைக்கிறது. பாலி மைனா வெள்ளை வெளேரென்று கண்ணைச் சுற்றி நீலமாக இருக்கும். கூண்டு வியாபாரத்துக்குப் பிடித்துப் பிடித்தே 2001 வாக்கில் காட்டில் ஆறுதான் மிஞ்சியதாகச் சொல்வார்கள். கூண்டில் பொரித்தவற்றைத் திரும்பக் காட்டில் விட்டுத்தான் இப்போது மெல்ல மெல்ல மீட்கிறார்கள். அதே நேரம், காட்டில் பிடித்ததற்குக் காலில் வளையம் மாட்டிப் 'பண்ணையில் பொரித்தது' என்று விற்கிற தில்லுமுல்லும் அதே இந்தோனேசியாவில் நடக்கிறது. அதனால் நீ வாங்குகிற இடத்துக்கு நேரில் போ. கலயத்தைப் பார், குஞ்சைப் பார், தாயைப் பார். பார்க்க விடாதவனிடம் வாங்காதே.

7. சோம்பேறிக்குப் பறவை வேண்டாம். அக்னி நட்சத்திரத்தில் உன் கடைத் தகரக் கூரைக்கு அடியில் ஒரு மத்தியான நேரம் நீயே உட்கார்ந்து பார். உன்னால் இருக்க முடிந்த இடத்தில்தான் கூண்டு இருக்கலாம். ஜன்னலுக்கு ஈரச்சாக்குத் தொங்கவிடு, தண்ணீரை மத்தியானம் இன்னொரு முறை மாற்று. உமியை ஊதிப் பார்க்காமல் 'தட்டு நிறைய இருக்கு' என்று போகாதே. குட்டிக்கிளி தினையை உரித்துத் தின்றுவிட்டு உமியைத் தட்டிலேயே விடும். மேலே பார்த்தால் நிறைந்த தட்டு, உள்ளே பட்டினி. நோய் வந்த பறவை கடைசி வரை நோயைக் காட்டாது. காட்டில் காட்டினால் வல்லூறு தூக்கிவிடும், அந்தப் பயம் ரத்தத்தில் இருக்கிறது. சிலிர்த்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்ததைப் பார்த்த அன்றே தனிக் கூண்டுக்கு மாற்று.

8. 'இல்லை' என்று சொல்லக் கற்றுக்கொள். வியாபாரத்தில் எல்லோரும் 'இருக்கு' சொல்லத்தான் பழகுகிறார்கள். தானாகத் தின்னத் தெரியாத குஞ்சைக் கேட்பார்கள், சின்னதிலேயே வாங்கினால் கையில் ஏறும் என்பார்கள். இல்லை என்று சொல். பிள்ளை பிறந்தநாளுக்கு ஒற்றைப் பறவை கேட்பார்கள். ஜோடியாகத்தான் தருவேன் என்று சொல். 'பேசுகிற பச்சைக்கிளி ஒண்ணு ரகசியமா ஏற்பாடு பண்ணு தம்பி' என்று காரில் வந்து இறங்குவார்கள். அவர்களுக்கும் இல்லை, மதுரைக்காரருக்கும் இல்லை. குரலை உயர்த்த வேண்டாம், நியாயம் பேசவும் வேண்டாம், சிரித்துக்கொண்டே சொல்லிவிடு. ஆரம்பத்தில் நாலு பேர் கோபித்துக்கொண்டு போவார்கள். வாடகை கொடுக்கும் நாள் நெருங்கும்போது அந்த நாலு பேரின் முகமும் ஞாபகத்துக்கு வரும். அப்போதும் இல்லைதான்.

9. திறந்துவிட்டால் விடுதலை ஆகிவிடாது. பறவைக் கடை என்று பலகை மாட்டியதும் ஊர்ப் பிள்ளைகள் கீழே விழுந்த குஞ்சை அட்டைப்பெட்டியில் கொண்டுவரும். இறகு முளைத்து, கிளையைப் பற்றத் தெரிந்த குஞ்சு என்றால் எடுத்த இடத்திலேயே ஒரு கிளையில் வைத்துவிட்டு வரச் சொல். தாய் பக்கத்தில்தான் இருக்கும். மனுசன் தொட்டால் தாய் சேர்க்காது என்பது நம் பாட்டிமார் பூனையிடமிருந்து குஞ்சைக் காக்கச் சொன்ன கதையாக இருக்கலாம், உண்மை அல்ல. அடிபட்டதென்றால் காற்றுத் துளை போட்ட பெட்டியில் இருட்டில் வைத்து வனத்துறைக்குச் சொல், நீயே வைத்தியம் பார்க்காதே, வாயில் தண்ணீர் ஊற்றாதே.

தாத்தா பாட்டி காலத்துக் கிளியைப் பயந்துபோய்க் கொண்டுவந்து கொடுப்பவர்களும் வருவார்கள். மொட்டைமாடியில் நின்று பறக்கவிட்டு வீடியோ எடுக்கிற வேலை வேண்டாம். இறக்கை வெட்டிய கிளிக்குப் புது இறகு முளைக்க மாதக்கணக்கில் ஆகும். முளைத்தாலும் கூண்டில் கிடந்த சதைக்குத் தம் இருக்காது. காகத்துக்கும் பூனைக்கும் பயப்படவே தெரியாது. அதையும் வனத்துறையிடம் ஒப்படைக்கச் சொல்வதுதான் முறை.

10. கூண்டு மட்டும்தான் எதிரி என்று நினைத்துவிடாதே. நாளைக்கு எல்லாரும் வலையைச் சுருட்டி வைத்தாலும் சில்லை திரும்பிவிடாது. கம்பும் குதிரைவாலியும் விளைந்த கரிசலில் இன்று மக்காச்சோளம். அந்த மணி சில்லையின் அலகுக்குள் நுழையாது. 2018இல் படைப்புழு வந்ததிலிருந்து மருந்தடிப்பும் கூடிவிட்டது. புழுவை நம்பிக் குஞ்சு வளர்க்கிற குருவிக்கு அது பட்டினி. மயில் தின்கிறது என்று விஷம் வைத்த தானியத்தில் கவுதாரியும் புறாவும் சேர்ந்து சாகும். விவசாயிக்கு மயில் மேல் வருகிற கோபம் நியாயமான கோபம், அதை நகரத்தில் இருந்துகொண்டு யாரும் பழிக்க வேண்டாம். விஷம் மட்டும் பெயர் பார்த்துக் கொல்லாது.

தரிசு என்றால் சும்மா கிடக்கிற நிலம் என்று பட்டாவிலும் பேச்சிலும் எழுதிவிட்டோம். கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் பூங்கா வந்த பிறகு தரிசுக்கும் விலை உண்டென்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. மின்சாரம் வேண்டும்தான். ஆனால் வானம்பாடிக்கு மரம் வேண்டாம், சோலை வேண்டாம், மொட்டையாகக் கிடக்கிற அந்தத் தரிசுதான் வேண்டும் என்பதை மரம் நடுகிறவர்களே ஒப்புக்கொள்வதில்லை. பனையாவது கொஞ்சம் பிழைத்தது. 2021இலிருந்து பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அரசு சொல்லியிருக்கிறது. உங்கள் புஞ்சை ஓரத்து மொட்டைப் பனையைக் காய்க்காத மரம் என்று உன் அப்பா விலை பேசினால், மூன்றாவதை அவருக்கு வாசித்துக் காட்டு.

11. எண்ணு. பிடிக்கிறவனுக்கு அளவு தெரியாது என்று மேலே குறை சொன்னேன். பிடிக்காத நமக்கும் தெரியாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. 2015இலிருந்து வருஷா வருஷம் பொங்கலை ஒட்டி நான்கு நாள் தமிழ்நாட்டில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. யார் வேண்டுமானாலும் சேரலாம். ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிஷம் நின்று, பார்த்த வகைகளையும் எண்ணிக்கையையும் எழுதி இ-பேர்டு தளத்தில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். இப்படி நாடு முழுக்கச் சுமார் 30,000 பேர் எழுதிய குறிப்புகளை வைத்துத்தான் 2023இல் 942 வகைகளின் நிலையைச் சொல்லும் அறிக்கை வந்தது. 178 வகைகளுக்கு உடனடிக் கவனம் வேண்டும் என்கிறது அது. நம் கரண்ட் கம்பியில் நீலச்சிறகோடு உட்கார்ந்திருக்குமே பனங்காடை, அதுவும் சரிந்துகொண்டிருக்கிறது. அந்த அறிக்கைக்குப் பெரிய ஊர்களிலிருந்து குறிப்புகள் கொட்டுகின்றன. நம் பக்கத்துப் பொட்டலில் நின்று எண்ண ஆள் வேண்டும்.

மாட்டுப் பொங்கல் அன்று காலை ஆறு மணிக்குத் திருச்சுழியில் குண்டாற்றுப் பாலத்துக்கு வந்துவிடு. கடையை ஒரு மணி நேரம் தாமதமாகத் திறந்தால் ஒன்றும் ஆகாது, தண்ணீரை மட்டும் முதல் நாள் ராத்திரியே மாற்றிவிட்டு வா. பேனா இரண்டாகக் கொண்டுவா, பனியில் ஒன்று எழுதாது. பைனாகுலர் என்னிடம் இருக்கிறது. டீ உன் செலவு.